பால் கக்கும் குழந்தையும் உறங்காத இரவுகளும்

ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என எப்பகுதியிலிருந்து வரும் இளந்தாயும் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "குடித்த பாலைக் கக்கிவிடுகிறது, இரவில் தூங்குவதேயில்லை, அசிடிட்டிக்கு ஒரு சொட்டு மருந்து எழுதுங்கள்."

முதல் சில மாதங்களில் உணவுக்குழாயின் கீழ்முனையிலுள்ள தசைவளையம் அடிக்கடி தளர்கிறது. உணவோ பால் மட்டும். இருப்பதோ படுத்த நிலை. ஆகவே பால் எதுக்களிக்கிறது. நான்காம் மாதத்தையொட்டி இது மிகுந்து, குழந்தை உட்காரத் தொடங்கியபின் குறைந்து, ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு நின்றுவிடும். எடை சீராக ஏறி, கக்கிய பின்னும் சிரிக்கும் குழந்தைக்கு இது நோயன்று. கக்கும் பிள்ளை தேறும் என்று பாட்டிமார் சொல்வதில் பாதியேனும் உண்மை.

அமிலம் குறைக்கும் மருந்து பால் மேலேறுவதைத் தடுக்காது. அதன் புளிப்பை மட்டுமே குறைக்கும். வயிற்று அமிலமோ கிருமிகளுக்கு எதிரான காவலும் ஆகும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை, குடல் மருத்துவர் சங்கங்கள் 2018இல் கூட்டாக வெளியிட்ட நெறிமுறையும், நலமாயுள்ள குழந்தையின் கக்கலுக்கோ அழுகைக்கோ இம்மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை. எதுக்களிப்புக்கு ஒருகாலத்தில் பரவலாகத் தரப்பட்ட சிசாப்ரைடு, இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் இந்தியாவில் 2011இல் தடைசெய்யப்பட்டது. உரைமருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் வழக்கமும் ஓராண்டு நிறையும்வரை வேண்டாம்; தேனிலுள்ள கிருமி பச்சிளங் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

குறுவை நடவுக்குச் சென்று திரும்பும் தாயின் மார்பு கனத்திருக்கும். பசித்த குழந்தை அவசரமாகக் குடித்துக் காற்றையும் விழுங்கும். ஒரு பக்கம் குடித்ததும் நிறுத்தி, ஏப்பம் விடச் செய்து, பிறகு மறுபக்கம் கொடுங்கள். குடித்தபின் இருபது முதல் முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் இவ்வேலையைத் தந்தையோ பாட்டியோ ஏற்கட்டும். தாய்க்கு அந்த அரைமணித் தூக்கம் பெரிது.

தூளியைப் பற்றிக் கேட்காத வீடில்லை. பகலில் எதிரே ஒருவர் அமர்ந்து ஆட்டினால் நாங்கள் குறுக்கே வருவதில்லை. ஆனால் பால் குடித்த உடனே கிடத்தினால் உடல் வளைந்து வயிறு அழுந்தும்; தாடை மார்பில் புதைந்து மூச்சும் தடைப்படலாம். இரவில் தட்டையான, உறுதியான விரிப்பில் தலையணையின்றி மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. மல்லாந்தால் பால் புரையேறாதா? அந்நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே அமைவதால், மேலேறிய பால் மீண்டும் உணவுக்குழாய்க்கே இறங்கும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். மல்லாக்கப் படுக்கவைக்கும்படி 1990களில் பல நாடுகள் அறிவுறுத்தத் தொடங்கியபின், அங்கே உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருத்தல் கூடாது. பச்சை நிற வாந்தி குடல் முறுக்கிக்கொண்டதால் இருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகும். பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் ஒவ்வொரு முறையும் பால் பீறிட்டுத் தெறித்தால், இரைப்பையின் வாயில் குறுகியிருக்கலாம். வாந்தியில் இரத்தம், வயிறு உப்புதல், மூச்சு நின்று நீலம் பாய்தல், துவண்டு கிடத்தல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவையும் அவசரமே. விடியட்டும், முதல் பேருந்து வரட்டும் என்றிராமல் அந்நேரமே 108ஐ அழையுங்கள்.