‘யாரோ சொன்னாங்க’ன்னு வேலை போச்சா?

ஓசூர்ல ஏறின ஷிஃப்ட் பஸ் ஜூஜூவாடியைத் தாண்டுறதுக்குள்ள ஒரு வதந்தி பத்து சீட் தாண்டிடும். ‘கம்பெனி விஷயத்தை அவன்தான் வெளியில சொல்றானாம்!’ சாயங்காலமே கேட்ல நிறுத்தி, ‘நாளைக்கு வர வேண்டாம்’னு சொல்லிட்டா?

இதே கதை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு பாஸ்! ஊழியர் ஒருத்தர் ரகசியங்களை வெளியாட்களுக்குச் சொல்றதா ‘நம்பகமாக அறிந்தோம்’னு ஜான்ஸ்டன் பம்ப்ஸ் கம்பெனி அவரை நீக்கிடுச்சு. காரணம், ‘நம்பிக்கை போயிடுச்சு’! ஆதாரமில்லாத சந்தேகத்துக்கு அப்படிப் பேர் வெச்சா செல்லாதுனு 1975-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார்.

குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரணை வெச்சு, பதில் சொல்ல விடணும். அதுக்கு முன்னாடி எச்.ஆர். நீட்டுற ராஜினாமா கடிதத்துல கையெழுத்துப் போட்டா, பாதி கேஸ் அங்கேயே காலி. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர்கிட்ட எழுதிக் கொடுங்க. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி கெடு 2 வருஷம்தான். வீடு ஓசூர், வேலை அத்திப்பள்ளின்னா கர்நாடக ஆபீஸ் படிதான் ஏறணும்.

நம்ம பாடுதான் திண்டாட்டம். 1961 சட்டப்படி அப்ரண்டிஸ் ‘தொழிலாளி’யே இல்லை, பயிற்சி பெறுபவர். லேபர் கோர்ட் போக முடியாது. அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர்கிட்டதான் முறையிடணும். ஆஃபர் லெட்டர்ல சம்பளத்தை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வைக்கிற என் கிளாஸ்மேட்ஸ் (நானும்தான்!), பதவி என்னனு போட்டிருக்குன்னு ஒரு தடவை படிங்கப்பா!