ஓவர்ஹால் செய்த எஞ்சின் மறுபடியும் படுத்துவிட்டால் யார் பொறுப்பு?

தோட்டத்திலிருந்து டவுன் தொழிற்சாலைக்குக் கணவனும் மனைவியும் போய்வர இருப்பது ஒரு பழைய சாகா. ஒரு நாள் அது கொதித்து, வெள்ளைப் புகை விட்டு, சாலையோரத்தில் நின்றுவிடுகிறது. சேமிப்போடு அடகுக் கடையில் வைத்த நகைப் பணமும் சேர்ந்து, சில ஆயிரம் ரிங்கிட்டில் ஃபுல் ஓவர்ஹால் முடிகிறது. ஆறு வாரம் கழித்து எஞ்சினுக்குள் 'டொக் டொக்' என்று சத்தம். கார் திரும்பவும் இழுவை லோரியில் ஏறுகிறது.

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் கதைதான் இது. அதன் பிறகு வரும் வசனங்களும் பழக்கமானவையே. “அண்ணே, நீங்க தண்ணி பாக்காம ஓட்டியிருக்கீங்க” என்கிறார் போமன். “தம்பி, நீ ஒழுங்கா கட்டல” என்கிறார் கார்க்காரர். பிளாக்கைக் கடைந்து கொடுத்த மெஷின் ஷாப், அளவு சரியாகத்தான் இருந்தது என்கிறது. சாமான் கடையோ, பிரித்து மாட்டிய பொருளைத் திரும்ப வாங்க முடியாது என்று கைவிரிக்கிறது.

இந்த நால்வரில் யார் சொல்வது உண்மை? பெரும்பாலும் எஞ்சினே அதைச் சொல்லிவிடும். ஆனால் அவசரப்பட்டு அதைப் பிரித்துக் கழுவிவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

ஓவர்ஹால் என்பது பழைய சாமானை எடுத்துப் புதிய சாமானைப் போடும் வேலை மட்டுமன்று. அது அளவு சம்பந்தப்பட்ட வேலை. கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் அதன் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் ஓடும் இடைவெளி, பல சிறிய கார் எஞ்சின்களில் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான். நாம் எழுதும் தாளின் பருமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் பாதியைத் தாண்டாத இடைவெளி அது. கிராங்க்கை 0.25 மில்லிமீட்டர் கடைந்துவிட்டு, அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடாமல் பழைய அளவையே போட்டால் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிடும். கடைந்தபோது விழுந்த இரும்புத் தூள் பிளாக்கின் எண்ணெய்த் துவாரத்தில் தங்கியிருந்தாலும் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தத் தூள் நேராகப் பேரிங்கில்தான் போய் நிற்கும். கழுவும் வேலைக்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை. அதனாலேயே அது அரைகுறையாக முடிகிறது.

பழுதின் தடயங்களும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பேரிங்குகளில் கோடு கோடாகக் கீறலும், அதில் பதிந்த துகளும் தெரிந்தால், சுத்தம் செய்யாமல் கட்டியதாகச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு பேரிங் மட்டும் தேய்ந்து மற்றவை நன்றாக இருந்தால் கடைந்த அளவையோ, போல்ட்டை முறுக்கிய விதத்தையோ பார்க்க வேண்டும். எல்லாப் பேரிங்கும் ஒன்றுபோல் உருகித் தேய்ந்திருந்தால் எண்ணெயே போகவில்லை. அது எண்ணெய்ப் பம்ப்பின் கோளாறாக இருக்கலாம். ஆயில் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தும் வண்டியை ஓட்டியிருக்கலாம். ஹெட் வளைந்து, கேஸ்கெட் கருகி, பிஸ்டன்கள் சுற்றிலும் உராய்ந்திருந்தால் அது சூட்டின் வேலை.

சூடு என்றதும் பழி கார்க்காரர் மேல்தான் விழும். ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது. முதல் முறை எஞ்சின் கொதித்தது ஏன்? அடைத்துப்போன ரேடியேட்டர், வேலை செய்யாத தெர்மோஸ்டாட், சுற்றாத விசிறி ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருந்து, அதை மாற்றாமலே எஞ்சினை மட்டும் புதிதாகக் கட்டிக் கொடுத்தால் அது மறுபடியும் கொதிக்கத்தான் செய்யும். காரணத்தைத் தேடாதது போமனின் குறை. அவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்லியும், “இப்போதைக்கு வேணாம் தம்பி, செலவக் கொறச்சு செஞ்சி கொடு” என்று தடுத்தவர் கார்க்காரர் என்றால் பேச்சே வேறு. இந்த ஒரு வரி எங்கும் எழுதப்படாமல் போவதுதான் பல தகராறுகளுக்கு வேர்.

இனி சட்டம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். அவர் விற்கும் சாமானும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். “ஒரு முறை செய்த வேலைக்கு உத்தரவாதம் இல்லை” என்று ரசீதில் முத்திரை குத்தி இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது.

முழு வேலையையும் ஒரே பட்டறை ஏற்றுக்கொண்டு பணம் வாங்கியிருந்தால், கார்க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பட்டறைதான். தவறு மெஷின் ஷாப்பினுடையதாக இருந்தால் அவர்களிடம் பணம் கேட்க வேண்டியது பட்டறைக்காரர் பாடு. வாடிக்கையாளரை அங்கே போய்ச் சண்டை போடச் சொல்வது சரியில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று 'காப்பி ஓரி' சாமானைக் கார்க்காரரே வாங்கிக் கொடுத்திருந்தால், அந்தச் சாமான் கெட்டதற்குப் போமனைப் பிடிப்பது கடினம். அப்போது விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். கோபத்தில் காரை நேரே வேறு பட்டறைக்கு இழுத்துப்போய்ப் பிரித்துவிடுகிறார்கள். சரிசெய்யக்கூடிய பழுதென்றால், முதலில் வேலை செய்தவருக்கே அதைச் சரிசெய்ய வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ வெளியில் செய்து அந்தச் செலவைக் கோரலாம். ஆகவே, சத்தம் கேட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு, மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் ஆயில் அளவையும் படம் எடுத்து, அதே நாளில் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது நல்லது. பிரிக்கும்போது இரு தரப்பும் உடன் இருக்க வேண்டும். முடிந்தால் அந்த வேலையில் சம்பந்தப்படாத மூன்றாவது போமன் ஒருவரையும் அழைத்து, பார்த்ததை எழுதி வாங்கலாம். தேய்ந்த பேரிங், கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் எதையும் குப்பையில் போடக் கூடாது.

அப்படியும் தீராவிட்டால், உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழுள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இல்லாமல் பணம் கொடுத்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. வங்கிப் பரிமாற்றப் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். தீர்ப்பாயம் விதித்த தொகையை 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றமாகிவிடும்.

லோரி வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு சுலபமாகத் திறக்காது. சொந்த, குடும்பத் தேவைக்காகப் பொதுவாகப் பெறப்படும் பொருளையும் சேவையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. அவர்கள் 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில், வழக்கறிஞர் இல்லாமலே தனிநபராக வழக்குப் போடலாம். லோரி எஞ்சின் ஓவர்ஹாலுக்கு அந்தத் தொகை பெரும்பாலும் போதாது. அதற்கு மேல் என்றால் வழக்கமான சிவில் வழக்குதான். அந்தச் செலவை நினைத்தே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே லோரிக்காரர்கள்தான் எஞ்சினைக் கழற்றுமுன், மாற்றப்போகும் சாமான், கடையும் அளவு, உத்தரவாதக் காலம், வேண்டாமென்று விட்ட வேலை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.