நினைவில் கொள்ளும் பணியோட்டம்

நுழையும்முன்

கணினியைக்கொண்டு ஒரு வேலையைச் செய்விக்க நிரல்மொழி அறிந்திருக்க வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. இன்று ஒரு வேலையை நன்கு அறிந்தவரே அதற்கான செயலியையும் அமைத்துக்கொள்ள முடிகிறது. அச்செயலி தன்னைப் பயன்படுத்துவோரின் விருப்பங்களை நினைவில் கொள்ளவும் செய்கிறது. அந்நினைவு எவ்வாறு உருவாகிறது? அதற்குப் பொறுப்பானவர் யார்? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

சட்டகமும் தேர்வும்

குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தை இயற்றுவதற்கு முன்பே அந்நூலுக்குரிய சட்டகம் தமிழில் அமைந்திருந்தது. சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் அடியார்களின் பெயர்களை வரிசைப்படுத்தினார். நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் அவர்களைப் பற்றிச் சுருக்கமாகப் பாடினார். அவ்வரிசையைக்கொண்டே சேக்கிழார் தம் காப்பியத்தை எழுப்பினார். சட்டகம் முன்னோர் தந்தது. அதனுள் எதை விரிப்பது, எதைச் சுருக்குவது என்னும் தேர்வு சேக்கிழாருடையது. முன்பே அமைந்த சட்டகத்தை எடுத்துக்கொண்டு, உரிய தேர்வுகளால் அதை நிறைவு செய்யும் முறை கணினித் துறையிலும் உண்டு. அதனைக் குறைநிரலாக்கம் என்பர்.

குறைநிரலாக்கம்

ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கணினியில் உருவாக்குவதாகக் கொள்வோம். படிவத்தின் கட்டங்களை வரைதல், நிரப்பப்பட்டவை சரியானவையா எனச் சோதித்தல், அவற்றைச் சேமித்தல், உரியவருக்குச் செய்தி அனுப்புதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வழக்கமான முறையில் தனித்தனியே நிரல் எழுத வேண்டும். குறைநிரல் தளத்தில் இவை ஆயத்தக் கூறுகளாகக் கிடைக்கும். வேண்டியவற்றைத் திரையில் இழுத்துப் பொருத்தினால் போதும். ஆயத்தக் கூறுகளால் இயலாத இடங்களில் மட்டும் சில வரிகள் எழுதப்படுகின்றன.

இத்தகைய தளங்களுக்கு ‘லோ கோட்’ என்னும் பெயரை ஃபாரஸ்டர் என்னும் ஆய்வு நிறுவனம் 2014ஆம் ஆண்டு வழங்கியது. கருத்தோ பழையது. டேன் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கி 1979ஆம் ஆண்டு வெளிவந்த விசிகால்க் என்னும் விரிதாள், நிரல் அறியாத கணக்காளர்களும் தம் கணக்கு முறையைத் தாமே கணினியில் அமைத்துக்கொள்ள வழிசெய்தது.

இத்துறையில் இரு சொற்கள் அடிப்படையானவை. ஒரு வேலையின் படிகளை, ஒன்று முடிந்ததும் அடுத்தது நிகழுமாறு கோத்து அமைப்பது பணியோட்டம். பலருக்கும் பொதுவான ஒரு பணியோட்டத்தை முன்பே வடித்து, வேண்டுவோர் மாற்றிக்கொள்ளும் வகையில் தருவது வார்ப்புரு. விடுப்பு விண்ணப்பம், வருகைப் பதிவு, பொருள் இருப்புக் கணக்கு போன்றவற்றுக்கு வார்ப்புருக்கள் உள்ளன.

தென்சென்னையின் பங்களிப்பு

இத்துறையில் தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள பகுதிக்குத் தனி இடம் உண்டு. 1996ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு பெயர் மாற்றம் பெற்ற ஜோஹோ நிறுவனத்தின் தலைமையிடம் கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் உள்ளது. அந்நிறுவனம் ‘ஜோஹோ கிரியேட்டர்’ என்னும் தளத்தை 2006ஆம் ஆண்டே வெளியிட்டது. ‘லோ கோட்’ என்னும் பெயர் தோன்றுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே அத்தகைய தளம் ஒன்று தமிழ்நாட்டு நிறுவனத்திலிருந்து வெளிவந்தமை குறிப்பிடத்தக்கது. சிக்கலான இடங்களில் எழுதுவதற்கென ‘டெலூஜ்’ என்னும் எளிய நிரல்மொழியும் அதில் உண்டு.

நினைவு உருவாகும் முறை

இணையம் இயல்பில் மறதி உடையது. ஒரு வலைத்தளத்தின் வழங்கி, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் புதியதாகவே கருதும். முந்தைய கோரிக்கையை அனுப்பியவரும் இப்போது அனுப்புபவரும் ஒருவரே என்பதை அது தானாக அறியாது. இக்குறையை நீக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி 1994ஆம் ஆண்டு ‘குக்கி’ என்னும் முறையை உருவாக்கினார். வழங்கி தரும் ஒரு சிறு குறிப்பை உலாவி தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை திருப்பிக் காட்டும். அதைக்கொண்டு வழங்கி அவ்வுலாவியை அடையாளம் காணும்.

பணியோட்டங்களில் இந்நினைவு நான்கு படிகளில் அமைகிறது. பயனரிடம் விருப்பத்தைக் கேட்டுப் பெறுதல், அதை அட்டவணையில் சேமித்தல், அடுத்த முறை அதைப் படித்து அதன்படி நடத்தல், பயனர் வேண்டும்போது மாற்றவோ அழிக்கவோ இடமளித்தல் என்பனவே அவை. முதல் மூன்று படிகளை வார்ப்புருவின் துணையால் எளிதில் அமைத்துவிடலாம். நான்காவது படியே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

குன்றத்தூரில் ஒரு பள்ளி நூலகம் இருப்பதாகக் கற்பனை செய்வோம். நூலைத் திருப்பித் தரும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக மாணவரின் வீட்டுக்கு நினைவூட்டல் அனுப்பும் பணியோட்டத்தை நூலகர் அமைக்கிறார். செய்தி தமிழில் வேண்டுமா ஆங்கிலத்தில் வேண்டுமா, எழுத்தாக வேண்டுமா குரலாக வேண்டுமா என்று படிவம் ஒருமுறை கேட்கும். விருப்பம் பதிவாகியிருந்தால் மீண்டும் கேட்காமல் அதன்படி நடக்கும், இல்லையெனில் கேட்கும். இவ்வளவும் ஒரே ஒரு நிபந்தனையில் அடங்கும்.

இங்கு இரண்டு சிக்கல்கள் எழலாம். முதலாவது, நினைவு யாருடையது என்பது. விருப்பத்தைக் கைப்பேசியின் உலாவியில் மட்டும் சேமித்தால், ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தும் அக்காளின் விருப்பம் தம்பிக்கும் பொருந்திவிடும். மாணவரின் சேர்க்கை எண்ணுடன் இணைத்துச் சேமித்தால் இக்குழப்பம் நேராது.

இரண்டாவது, ஊகத்தை விருப்பமாகக் கொள்வது. ஒரு மாணவி ஆங்கில வேதியியல் நூல் ஒன்றை எடுத்துச் செல்கிறாள். அதைக்கொண்டு அவளுக்கு ஆங்கிலமே விருப்பம் எனப் பணியோட்டம் தானாக முடிவு செய்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அவளுடைய தாய்க்கு நினைவூட்டல் பயன்படாது. நூல் தாமதமாகும்; தண்டமும் விதிக்கப்படும். ஒருவர் செய்த செயல் வேறு. அவர் தெரிவித்த விருப்பம் வேறு. இவ்வேறுபாட்டை இயந்திரம் அறியாது. பணியோட்டத்தை அமைப்பவரே அறிந்து அமைக்க வேண்டும்.

மறக்க வேண்டியவை

நினைவில் கொள்வதைப் போன்றே மறப்பதும் திட்டமிடப்பட வேண்டும். மனச்சோர்வு பற்றிய நூலை ஒரு மாணவர் எடுத்துப் படிக்கிறார். நூல் திரும்பிய பின்னும் அப்பதிவு இருந்துகொண்டே இருந்தால், பிற்காலத்தில் அதைக் காண்பவர் அவரைப் பற்றித் தவறான முடிவுக்கு வரக்கூடும். அத்தகைய நூலை எடுக்கவே அடுத்தவர் தயங்குவர். ஆகவே, நூல் வந்து சேர்ந்ததும் ‘யார் எடுத்தார்’ என்னும் குறிப்பு அழியுமாறு அமைப்பது நன்று. எத்தனை முறை அந்நூல் படிக்கப்பட்டது என்னும் எண்ணிக்கையே நூலகத்திற்குப் போதும்.

தனியுரிமை, அரசமைப்புச் சட்டம் வழங்கும் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மின்னணு முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அளிப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின்படி, 18 வயது நிறைவடையாதோர் குழந்தைகளாகக் கருதப்படுவர். அவர்தம் தரவுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பதினோராம் வகுப்பு மாணவரும் இப்பாதுகாப்பிற்கு உரியவரே.

அமைப்பவரின் கடமை

நிரல் எழுதும் சுமையைக் குறைநிரலாக்கம் பெரிதும் குறைத்துள்ளது. சிந்திக்கும் சுமையை அது குறைக்கவில்லை. வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்த பின்னும் சில வினாக்களுக்கு மனிதரே விடை காண வேண்டும். இத்தகவல் உண்மையிலேயே தேவையா? பயனர் தாமாகத் தெரிவித்ததா? எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? யார் பார்க்கலாம்? பயனர் மனம் மாறினால் என்ன செய்வது? இவற்றுக்கு முதலில் தாளில் விடை எழுதிக்கொண்டு, பிறகு திரையில் பணியோட்டத்தை அமைப்பவர், எந்தத் தளத்தைப் பயன்படுத்தினாலும் பிறருக்குத் தீங்கு நேராத வகையில் அதை அமைப்பார்.

தெரிந்து தெளிவோம்

ஃபிரான்சு நாட்டின் ஜோசப் மரி ஜக்கார்டு, 1804ஆம் ஆண்டு துளையிட்ட அட்டைகளால் இயங்கும் நெசவுக் கருவியை உருவாக்கினார். அட்டைகளின் துளைகளே துணியின் வடிவத்தைத் தீர்மானித்தன. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளிலும் இம்முறை பயன்பாட்டுக்கு வந்தது. அட்டையை மாற்றினால் வடிவம் மாறும்; தறி மாறுவதில்லை.

கலைச்சொல் அறிவோம்

குறைநிரலாக்கம் – லோ கோட்
வார்ப்புரு – டெம்ப்ளேட்
பணியோட்டம் – ஒர்க்ஃபுளோ
வழங்கி – சர்வர்
உலாவி – பிரௌசர்
விரிதாள் – ஸ்பிரெட்ஷீட்