ஐம்பது ரூபாய் விண்ணப்பமும் மூன்றரை லட்ச ரூபாய் சீட்டும்

அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் சேர விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆக 50. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். பொறியியல் கவுன்சலிங்குக்கு 500, எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 250. இந்த ஒரே பதிவில் தமிழ்நாட்டின் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் வந்துவிடுகின்றன. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம், கூடுதலாக ஒரு பைசா கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பத்தில் செலவில்லை. செலவு, எந்தக் கல்லூரியை எந்த வழியில் பிடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் சில்லறைக் கணக்கை முடித்துவிடுவோம். ப்ளஸ் டூ கணிதப் பிரிவில் படிக்கும் பி.சி. மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. மெயின் ஒரு தடவை எழுத 800, பொறியியல் பதிவு 500, அரசுக் கலைக் கல்லூரி 50. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60, முதல் பட்டதாரிச் சான்றுக்கு 60. மொத்தம் 1,470 ரூபாய். அவள் எஸ்.சி. பிரிவாக இருந்தால் 500, 250, 2, வருமானச் சான்று 60 என்று 812-இல் முடிந்துவிடும். இதற்கு எதிர்ப்பக்கம், தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று வாங்குகின்றன. “எதற்கும் போட்டு வைப்போம்” என்று நான்குக்குப் போட்டால் 4,800. மேலே சொன்ன அரசு வாசல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இடம் கிடைத்தாலும் அங்கே ஆண்டுக் கட்டணத்தை லட்சத்தில்தான் எண்ண வேண்டும். குறைந்த வருமான வீட்டின் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டிய வரி இதுதான்.

இனி பெரிய கணக்கு. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகையை அடிப்படையாக வைக்கிறேன். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000. அங்கீகாரத் தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் இதே இடங்களுக்கு 85,000, 87,000. குழு தொகையை மாற்றும்போது கூட்டலும் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. தரச்சான்று பெற்ற ஒரே பாடப்பிரிவு, ஒரே வகுப்பறை, நான்கு ஆண்டுக்கு:

மேனேஜ்மென்ட் கோட்டா: 3,48,000
கவுன்சலிங், சலுகை எதுவும் இல்லை: 2,20,000
கவுன்சலிங், முதல் பட்டதாரிச் சலுகை (ஆண்டுக்கு 25,000 கழிவு): 1,20,000
கவுன்சலிங், எஸ்.சி./எஸ்.டி., பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: 0
கவுன்சலிங், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு: 0, விடுதிக் கட்டணமும் 0

முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் வித்தியாசம் 2,28,000. சித்தாள் கூலி நாளுக்கு 600 என்று வைத்தால் 380 நாள் வேலை. வீட்டில் ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட ஓயாமல் மண் சுமந்தால் வரும் பணம் அது. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேருகிறவருக்குத்தான் உண்டு என்பது தெரியாமலே மேனேஜ்மென்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சான்றிதழோடு அலுவலக வாசலில் நிற்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். அந்தச் சான்று அப்போது வெறும் காகிதம்.

7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கவுன்சலிங் கட்டணம், படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. இங்கே ஒரு நுணுக்கம். அரசுப் பள்ளி மாணவருக்குப் பொதுப் பிரிவிலும் இடம் வரலாம், 7.5-இலும் வரலாம். கட்டண விலக்கு 7.5-இல் எடுத்த இடத்துக்குத்தான். பொதுப் பிரிவில் கொஞ்சம் பெயர் பெற்ற கல்லூரி வந்தது என்று அதை ஏற்றுக்கொண்டால், முதல் பட்டதாரிச் சலுகை இருந்தாலும் நான்கு ஆண்டில் 1,20,000-மும் அதற்கு மேல் விடுதிச் செலவும் கைப்பணத்திலிருந்து போகும். கல்லூரிகள் இரண்டுக்கும் தரத்தில் அவ்வளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். பல சமயம் இருப்பதில்லை.

விடுதிச் செலவு என்றேன். பட்ஜெட் கிழிவது அங்கேதான். தங்கவும் சாப்பிடவும் மாதம் 6,000 என்று குறைத்தே போடுங்கள். பத்து மாதத்துக்கு 60,000, நான்கு ஆண்டுக்கு 2,40,000. முதல் பட்டதாரி கட்டும் கல்லூரிக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. வீட்டிலிருந்து போய்வந்தால் கல்லூரிப் பேருந்துக்கு ஆண்டுக்கு 25,000 என்று வைத்தாலும் ஒரு லட்சம். ஆகவே கல்லூரியின் பெயருக்கு அடுத்து எழுத வேண்டியது, வீட்டிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர், எந்த நம்பர் டவுன் பஸ் அங்கே போகிறது என்பது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் கிடையாது. ஆண் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரி என்றால் இலவச பாஸ், தனியார் கல்லூரி என்றால் பாதிக் கட்டணம். தூரத்துக் கல்லூரிதான் அமைகிறது என்றால் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதி அந்த ஊரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தங்க இடமும் சாப்பாடும் இலவசம். கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் உணவுப்படி அரசு தருகிறது. 2023-இல்தான் அதை 1,100-லிருந்து உயர்த்தினார்கள். சாப்பாடு எப்படி இருக்கும் என்பதை அந்தத் தொகையிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். இருந்தாலும் 2,40,000 மிச்சம்.

வெளியே பெரிதாகத் தெரியும் கட்டணம் உள்ளே சிறிதாக இருப்பதும் உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் படிப்புக் கட்டணம் பருவத்துக்கு 62,500, ஆண்டுக்கு 1,25,000. அதைக் கேட்டே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையில் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. மீதி சுமார் 41,700. பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியின் 55,000-ஐவிடக் குறைவு. ஒரு லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி; எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவருக்கும் அப்படியே. ஐ.ஐ.டி.யின் 2,00,000 ரூபாய்க்கும் இதே கணக்கு. உணவு, விடுதி தனி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து இத்தகைய நிறுவனங்களில் சேருகிறவரின் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்கும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவருக்கு. ஆனால் ஜே.இ.இ. விண்ணப்பம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே வந்து போய்விடுகிறது. மே மாதம் பட்டியல் போட உட்காருகிறவருக்கு இந்த வரி கிடைக்காது.

சான்றிதழ் விஷயம் சின்னதாகத் தெரியும். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று ஏறி இறங்கி வர வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், டி.சி.யில் வேறு இனிஷியல் என்றால் மனு திரும்பி வரும். மறுபடி 60 ரூபாய், மறுபடி வரிசை. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்கு மட்டும். அண்ணன் வாங்கியிருந்தால் தங்கைக்கு இல்லை. அப்படியானால் அவள் கணக்கில் 25,000-ஐக் கழிக்காமல் கூட்டுங்கள்.

வரவுப் பக்கம் எழுதும்போது கை அடக்கம் வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000; 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். நான்கு ஆண்டில் 48,000. இதை வரவில் எழுதலாம். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000. ஆனால் மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. கைக்கு வரும்வரை அதை எழுதாதீர்கள். போஸ்ட் மெட்ரிக் பணம் வங்கிக் கணக்குக்கு வரும் நாளும் கல்லூரி கட்டணம் கேட்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வருகிறார். கல்விக் கடன் வாங்க நேர்ந்தால் 4 லட்சம் வரை பிணை தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும். ஆனால் தரச்சான்று உள்ள இடத்தில் படித்தால்தான். ஆண்டுக்கு 5,000 கூடுதலாகக் கட்டுவது இங்கே லாபமாகிறது.

விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் கணினி படிக்கும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. கட்ட முடியாத கல்லூரியைக் கடைசியில் எழுதினால் நஷ்டம் உண்டு, அது கிடைத்துவிடும். அதற்குப் பதில் 50 ரூபாய் வாசல் திறந்தே இருக்கட்டும். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது, மற்றவை ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள். புதுமைப் பெண் பணம் மூன்று ஆண்டில் 36,000. டவுன் பஸ்ஸில் போய்வரும் மாணவிக்கு பி.எஸ்சி. முடிக்கும்போது கையில் மிச்சம்கூட இருக்கலாம். உதவிபெறும் கல்லூரிக்குப் போடுவதாக இருந்தால் விண்ணப்பத்தில் ‘எய்டட்’ என்று தெளிவாகக் குறியுங்கள். அதே வளாகத்தில், அதே பாடத்துக்கு, ‘செல்ஃப்’ பிரிவில் பல மடங்கு வாங்குவார்கள்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் “சீட் பிளாக் பண்ணிடலாம், இருபதாயிரம் அட்வான்ஸ் போதும்” என்று போன் வரும். அவர்கள் கேட்கும் முன்பணம் மேனேஜ்மென்ட் சீட்டுக்கானது. பணம் கொடுக்காதீர்கள், அசல் மதிப்பெண் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. கவுன்சலிங் பதிவு வழக்கமாக மே முதல் வாரம் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நடக்கும், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் உதவி மையங்களில் இலவசமாகப் பதிந்து தருகிறார்கள்.