எக்செல் ஹேங் ஆனால்கூட பரவாயில்லை... சத்தமில்லாமல் திறந்தால்தான் சிக்கல்!

விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 19,42,288. ஒருவருக்கு ஒரு வரி என்று இத்தனை பேரையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட முடியுமா?

முடியாது. ஒரு ஷீட்டில் இருப்பது 10,48,576 வரிகள்தான். மேலே உள்ள தலைப்பு வரியைக் கழித்தால், 8,93,713 பேருக்கு அங்கே இடமே இல்லை.

'அவ்வளவு பெரிய ஃபைல் நமக்கு எதுக்கு?' என்று தோன்றலாம். சிவகாசியில் ஒரு பட்டாசு மொத்த வியாபாரியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கம்பி மத்தாப்பு, சங்குச் சக்கரம், புஸ்வாணம், சாட்டை என்று ஒரு பில்லில் 30 ஐட்டம். சில வருஷத்து பில்களைச் சேர்த்து 40,000 பில் என்றால், ஐட்டம் வாரியாக 12 லட்சம் வரிகள். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து அதை ஒரே ஃபைலாக எடுத்து எக்செலில் திறந்தால், கடைசி ஒன்றரை லட்சம் வரிகள் ஷீட்டில் வராது.

எல்லை ஒன்று இல்லை, இரண்டு

பெரிய ஃபைலைத் திறக்கும்போது எக்செல் இரண்டு சுவர்களில் முட்டுகிறது.

முதலாவது, வரி எல்லை. 2007-க்கு முந்தைய எக்செலில், அதாவது பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலில், ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள், 256 நெடுவரிசைகள். இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576 வரிகள், 16,384 நெடுவரிசைகள். எவ்வளவு விலை உயர்ந்த லேப்டாப் வாங்கினாலும் இந்த எண்கள் மாறாது.

இரண்டாவது, மெமரி எல்லை. இது உங்கள் கம்ப்யூட்டரின் ரேமைப் பொறுத்தது. ஷீட்டில் இருக்கும் கட்டங்களைப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1,718 கோடி. எக்செல் ஒவ்வொரு எண்ணையும் 8 பைட்டில் வைத்துக்கொள்கிறது. ஆக, ஒரே ஒரு ஷீட்டை எண்களால் முழுதாக நிரப்பினாலே எண்களுக்கு மட்டும் 128 ஜிபி ரேம் வேண்டும். நம்மில் பலரிடம் இருப்பது 8 ஜிபி அல்லது 16 ஜிபி. கட்டம் இருக்கிறது என்பதற்காக அத்தனையும் நிரப்பிவிட முடியாது.

ஃபைல் சின்னதுதானே, ஏன் திணறுகிறது?

பட்டாசு ஆலையை நினைத்துப் பாருங்கள். மருந்து முழுவதும் கிடங்கில் இருக்கும். வேலை நடக்கும் அறைக்கு அப்போதைக்குத் தேவையானதை மட்டும்தான் கொண்டுவர வேண்டும். ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கு உச்சவரம்பு உண்டு. கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்தான் கிடங்கு, ரேம்தான் வேலை அறை. எக்செல் என்ன செய்கிறது என்றால், ஃபைலைத் திறந்ததும் கிடங்கு மொத்தத்தையும் அறைக்குள் தூக்கிவரப் பார்க்கிறது.

அதோடு, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். டிஸ்க்கில் 50 எம்பி என்று காட்டுவது சுருக்கி மடித்த அளவு. திறக்கும்போது அது பல மடங்கு விரியும். அதன் மேல் ஃபார்முலா, கலர், பார்டர், அன்டூ நினைவு எல்லாம் சேரும். லட்சம் வரிக்கு விலுக்கப் போட்டு இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று: உங்களிடம் இருப்பது 32 பிட் எக்செல் என்றால், 16 ஜிபி ரேம் இருந்தும் அதில் 2 முதல் 4 ஜிபி வரைதான் எக்செலால் தொட முடியும். ஃபைல் மெனுவில் அக்கவுன்ட், அதில் அபௌட் எக்செல் என்று போனால் 32-ஆ 64-ஆ என்று தெரிந்துவிடும்.

பிரிட்டனில் விடுபட்ட 15,841 பேர்

மெமரி தீர்ந்தால் எக்செல் ஹேங் ஆகும், மூடிக்கொள்ளும். எரிச்சல்தான். ஆனால் ஏதோ தப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வரி எல்லை அப்படி இல்லை. ஷீட் அழகாகத் திறக்கும், கூட்டினால் தொகையும் வரும்.

இதற்கு உலகம் கண்ட பெரிய உதாரணம் 2020-ல் நடந்தது. கொரோனா பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய சிஎஸ்வி ஃபைல்களை, பிரிட்டனின் பொது சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலில் ஏற்றியது. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டதால், 65,536 வரி இருந்தும் ஒரு ஃபைலில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். அதற்கு மேல் வந்தவர்கள் வெட்டுப்பட்டார்கள்.

விளைவு: செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான கணக்கில் 15,841 தொற்றுகள் விடுபட்டன. 'உங்களுக்குப் பாசிட்டிவ்' என்ற தகவல் அவர்களுக்குப் போய்விட்டது. ஆனால் அவர்கள் யாரோடு பழகினார்கள் என்று தேடிப்பிடித்து எச்சரிக்கும் வேலை நாள் கணக்கில் தாமதமானது. தொற்று வேகமாகப் பரவிய நேரம் அது. இந்தத் தாமதத்தால் கூடுதல் தொற்றுகளும் மரணங்களும் ஏற்பட்டதாகப் பின்னால் வந்த பொருளாதார ஆய்வு ஒன்று கணித்தது.

வெட்டுப்படுவது யார்?

எக்செல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுவதில்லை. எப்போதும் அடியிலிருந்துதான் வெட்டுகிறது. மாவட்டப் பட்டியலுக்கே திரும்பி வருவோம். அதைத் தாலுகா வாரியாக ஆங்கில அகர வரிசையில் அடுக்கினால் அருப்புக்கோட்டை முதலில் வரும். கடைசியில் வருபவை வெம்பக்கோட்டை, விருதுநகர், வத்திராயிருப்பு. ஷீட்டில் இந்த மூன்றும் மொத்தமாகவே இருக்காது. நலத்திட்டப் பட்டியலோ சம்பளப் பட்டியலோ இப்படி வெட்டுப்பட்டால், விடுபடுவது ஒரே ஊர்க்காரர்களாக இருக்கலாம். தேதி வரிசை என்றால் கடைசி மாதங்கள் போகும். பட்டாசு வியாபாரத்தில் அது தீபாவளி சீசனாகவே இருந்துவிட்டால்?

சரி, என்ன செய்யலாம்?

• திறந்ததும் ஏ நெடுவரிசையில் கன்ட்ரோலும் கீழ் அம்புக்குறியும் சேர்த்து அழுத்துங்கள். 10,48,576-வது வரியிலோ 65,536-வது வரியிலோ போய் நின்றால், டேட்டா வெட்டுப்பட்டிருக்கிறது என்றே சந்தேகப்படுங்கள்.

• ஃபைல் கொடுத்தவரிடம் மொத்த வரி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் கேட்டு ஒப்பிடுங்கள். இரண்டே நிமிட வேலை.

• சிஎஸ்வி ஃபைல் முழுதாக ஏறவில்லை என்று எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டு அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். செய்தால் ஏறாத வரிகள் ஃபைலிலிருந்தே போய்விடும். அதுவரை ஒரிஜினல் பத்திரம்.

• இரட்டை கிளிக்கில் திறப்பதற்குப் பதில், டேட்டா மெனுவில் கெட் டேட்டா வழியாக எடுங்கள். லோட் டு கொடுத்து, ஷீட்டில் கொட்டாமல் டேட்டா மாடலில் சேர்த்தால் வரி எல்லை தடையில்லை. பிவட் டேபிளும் போடலாம்.

• தேவையில்லாத நெடுவரிசைகளை அங்கேயே நீக்குங்கள். மெமரி மிச்சமாகும்.

கூகுள் ஷீட்ஸுக்குப் போனால் தப்பிக்கலாமா? அங்கே எல்லை 1 கோடி கட்டங்கள். 20 நெடுவரிசை இருந்தால் 5 லட்சம் வரியோடு முடிந்தது. லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் எக்செல் போலவே 10,48,576 வரிகள்தான்.

மாதாமாதம் இப்படி ஃபைல் வருகிறது என்றால், எஸ்க்யூலைட் போன்ற இலவச டேட்டாபேஸ் கற்றுக்கொள்வது நல்லது. அது கிடங்கைக் கிடங்காகவே விட்டுவிட்டு, கேட்டதை மட்டும் எடுத்துத் தரும். அதில் சுருக்கி எடுத்த ரிப்போர்ட்டை எக்செலில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை பெரிய ஃபைல் ஒன்று பிரச்னையே இல்லாமல் திறந்தால், டோட்டல் போடும் முன் கடைசி வரியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.