எந்த வால்வு? முன்பே கேளுங்கள்

பெருநாடி வால்வை மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் வீடே கலங்கிவிடும். இளம் பெண்ணாயின், எந்த வால்வு என்று கேட்க மறவாதீர்கள்.

இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் வார்பரின் மாத்திரை வேண்டும். கருவுற்ற முதல் மாதங்களில் அது சிசுவைப் பாதிக்கக்கூடும். பயந்து தானாக நிறுத்தினாலோ, வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இதில் வெட்கமென்ன?

மிருகத் திசு வால்வுக்குப் பெரும்பாலும் ஆயுள் மாத்திரை தேவையில்லை. ஆனால் இளவயதில் விரைவில் தேயும், மறுபடி சத்திரசிகிச்சை வரும். பன்றியின் வால்வு என்று தயங்குவோர் மாட்டின் இதயச் சவ்வில் செய்ததைக் கேட்கலாம்.

1967இல் இலண்டனில் டொனால்ட் ரொஸ் தொடங்கிய முறையும் உண்டு: நோயாளியின் சொந்த நுரையீரல் நாடி வால்வைப் பெருநாடியில் பொருத்தி, அதன் இடத்தில் தானமாகக் கிடைத்த மனித வால்வை வைப்பார்கள். கடினமான வேலை, கைதேர்ந்தவர்கள் சிலரே.