புட்டிச் சீட்டில் இரண்டு எழுத்து

பிரான்சு நாட்டின் வடகிழக்கே ஷாம்பேன் என்றொரு பகுதி இருக்கிறது. நுரை பொங்கும் ஒயினுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கு சுமார் 34,000 ஹெக்டேரில் திராட்சை பயிராகிறது. இதில் பெரும்பங்கு ஏறத்தாழ 16,000 விவசாயிகளுக்குச் சொந்தம். பெரிய வியாபார நிறுவனங்களின் தோட்டம் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் கடைக்கு வரும் புட்டிகளில் பெரும்பாலும் நிறுவனங்களின் பெயரே பெரிதாக இருக்கும்.

தயாரித்தவர் யார் என்று அறிய, சீட்டின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய அளவு பொடியாக இரண்டு எழுத்துகளும், அடுத்துப் பதிவு எண்ணும் இருக்கும்.

ஆர்.எம். என்றிருந்தால், விவசாயி தம் தோட்டத்துத் திராட்சையில் தாமே ஒயின் செய்து, தம் பெயரில் விற்கிறார் என்று பொருள். வெளியில் வாங்கிச் சேர்க்க அவருக்கு நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் அனுமதியில்லை. என்.எம். என்பது பிறரிடம் திராட்சை கொள்முதல் செய்து தயாரிக்கும் வியாபாரி. சி.எம். கூட்டுறவுச் சங்கம். ஆர்.சி. சற்றுக் குழப்பமானது: விவசாயி திராட்சையைச் சங்கத்தில் கொடுத்து, சங்கம் தயாரித்த ஒயினைத் திரும்பப் பெற்றுத் தம் பெயரில் விற்பதை அது குறிக்கும். எம்.ஏ. என்பது பட்டப்படிப்பு அல்ல. பிறர் தயாரித்த புட்டியில் தன் சீட்டை ஒட்டி விற்கும் கடைக்காரரின் குறி.

என்.எம். என்றால் சரக்கு மட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்து தரத்தைச் சொல்வதில்லை. யார் பொறுப்பு என்பதை மட்டுமே சொல்கிறது.

சீட்டில் ஆண்டு இருந்தால், அது அந்த ஆண்டின் அறுவடை. இல்லாவிட்டால் பல ஆண்டு ஒயின்களின் கலவை, அது குறையல்ல. 'செக்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இனிப்பற்றது என்று பொருள் கொள்வார்கள். ஆனால் ஷாம்பேன் சீட்டில் 'செக்' என்றிருந்தால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை! பெயரை நம்பி வாங்கினால் ஏமாற வேண்டியதுதான்.

ஷாம்பேன் என்ற பெயரும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1910-ல் அங்கு விளைச்சல் படுமோசம். வியாபாரிகள் சிலர் வெளிமாவட்டங்களிலிருந்து மலிவான சரக்கை வரவழைத்து, அதையும் ஷாம்பேன் என்றே விற்றார்கள். 1911 ஜனவரியில் விவசாயிகள் திரண்டு, ஒயின் பீப்பாய்களை மார்ன் ஆற்றில் உருட்டிவிட்டார்கள். ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டடங்கள் தீக்கிரையாயின. தெற்கே ஓபு மாவட்டத்து விவசாயிகளோ, தங்களை எல்லைக்கு வெளியே தள்ளியதை எதிர்த்துத் தனியே போராடினார்கள். 1927-ல் வந்த சட்டம்தான் அவர்களையும் சேர்த்து எல்லையை வகுத்தது.

நம் நாட்டிலும் இப்படி ஊர்ப்பெயரைக் காக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது இதன்படிதான். ஆனால் குறியீடு கிடைத்ததாலேயே அங்குள்ள ஒவ்வொரு விவசாயியும் அதைத் தம் பெட்டியில் அச்சிட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிவு செய்துகொண்டவருக்கே அந்த உரிமை உண்டு. விண்ணப்பத்தைச் சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும்; பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.